டிரம்ஸ் பக்கம்

ஆடி பிறந்தால் பிள்ளையார்பாளையத்துக்குத் தூக்கம் கெட்டது. தெருவுக்கு ஓர் அம்மன் கோயில், கோயிலுக்கு ஒரு விழாக் கமிட்டி, கமிட்டிக்கு ஒரு மெல்லிசைக் கச்சேரி. பகலில் கூழ் ஊற்றுவார்கள், சாயங்காலம் பம்பை உடுக்கை, ராத்திரி ஒன்பதரை பத்துக்கு மேல் ஆர்கெஸ்ட்ரா. பெரிய காஞ்சிபுரத்தில் 1980-களின் முதல் பாதியில் வளர்ந்த நெசவாளி வீட்டுப் பையனுக்கு வாய்த்த ராக் கச்சேரி அதுதான். ராக் என்ற பெயரெல்லாம் பிறகு வந்தது. மேடையில் ஒரு டிரம்ஸ் செட், ஒரு லீட் கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஓர் ஆர்கன், நெஞ்சை அதிரவைக்கும் பாக்ஸ் ஸ்பீக்கர். இதற்கு மேல் லண்டனில் மட்டும் என்ன இருந்துவிடப் போகிறது?

கூட்டம் பாடகருக்காக வரும். எஸ்.பி.பி. குரலில் பாடுகிறவருக்கு ஒரு கோஷ்டி, டி.எம்.எஸ். குரலில் பாடுகிறவருக்குத் திண்ணையில் உட்கார்ந்த பெரியவர்கள், ஜானகி மாதிரி பாடும் அக்காவுக்குத் தெருவே. நாங்கள் நாலைந்து பையன்கள் மட்டும் மேடைக்குப் பக்கவாட்டில், சவுக்குக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்போம். அங்கிருந்து பார்த்தால் பாடகரின் முதுகுதான் தெரியும். ஆனால் டிரம்மரின் கால் தெரியும். பேஸ் டிரம்மின் பெடலை அந்தக் கால் மிதிக்கிற மிதியைப் பார்க்கத்தான் அந்த இடம். எங்களுக்குள் அதற்கு 'டிரம்ஸ் பக்கம்' என்று பெயர். "எங்கடா இருக்கே?" என்றால் "டிரம்ஸ் பக்கம் வா" என்போம்.

மெட்ராஸ் வேன் ஆறு மணிக்கே வந்துவிடும். பெட்டி இறக்குவதைப் பார்க்காவிட்டால் கச்சேரி பார்த்ததாகக் கணக்கில்லை. முதலில் ஆம்ப்ளிஃபயர், பிறகு ஆர்கன், காங்கோ, தபேலாப் பெட்டி, கடைசியில் டிரம்ஸ். பேஸ் டிரம்மின் தோலில் குழுவின் பெயரை வளைத்து எழுதியிருப்பார்கள். பலகை மேடையில் அது அடிக்க அடிக்க முன்னால் நகரும். அதனால் முன்னே ஒரு செங்கல் வைக்க வேண்டும். "தம்பி, ஒரு செங்கல் கொண்டா" என்று டிரம்மர் சொன்னால் அந்தப் பையனுக்கு அந்த வருஷ ஆடி நிறைந்துவிட்டது. நான் கொடுத்த செங்கல் ஒரு கச்சேரி முழுக்க அசையாமல் இருந்தது என்பதை இன்றும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கச்சேரி ரசிகனுக்குக் கால் வலுவாக இருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ராத்திரி என்றால் அடுத்தது ரங்கசாமி குளத்தில், அதற்கடுத்தது ஒலிமுகம்மது பேட்டைப் பக்கம், சில சமயம் செவிலிமேடு வரை. எல்லாம் நடைதான். ராஜவீதியில் கடைகள் மூடிக் கிடக்க, பாதிராத்திரியில் வாயாலேயே டிரம்ஸ் அடித்துக்கொண்டு திரும்பி வருவோம். வீட்டில் அப்பா கதவைத் திறந்தபடியே கேட்பார்: "காலையில எவன்டா நாடா போடுவான்?"

அது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் கோர்வைத் தறி. சேலையின் உடலுக்கு ஊடை இழை ஓட்டும் நாடா ஒன்று, கரைக்கு ஒவ்வொன்றாக இரண்டு, ஆக மூன்று. ஒரு கரையின் நாடாவை வீச இன்னொரு ஆள் வேண்டும். பெரும்பாலும் அந்த ஆள் வீட்டுச் சின்னப் பையன். பள்ளிக்கூடம் போகும் முன் இரண்டு மணி நேரம் தறிக்குழி ஓரம் உட்கார்ந்து நாடா போட்டிருக்கிறேன். (1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதும், குடும்பமே நெய்யும் வீட்டுத் தறிக்கு அதில் விலக்கு இருந்தது.) தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் தாளம் ஊறிப்போனது என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். உண்மை அப்படி இல்லை. கைத்தறிக்குச் சீரான தாளம் கிடையாது. நாலு இழை போகும், ஒன்று அறும், அப்பா முடிச்சுப் போடுவார், ஜக்கார்டில் அட்டை சிக்கும், பேச்சு வளரும். காதைப் பழக்கியது தறி இல்லை, பம்பை.

பம்பையைக் கிட்டத்தில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டிய இரட்டை மேளம். ஒன்று பித்தளை, ஒன்று மரம். இடுப்பில் கட்டிக்கொண்டு குச்சியால் அடிக்கத் தொடங்கினால் பேச்சு நின்றுவிடும். கூடவே உடுக்கையும் சிலம்பும். அம்மனை வர்ணித்துப் பாடிக்கொண்டே வேகத்தைக் கூட்டுவார்கள். மைக் தேவைப்படாது. சாமி வருகிறவர்களுக்கு எந்த இடத்தில் வரும் என்று எங்களுக்கு முன்பே தெரியும். அடி மாறுகிற இடம் அது. அந்த மாற்றத்துக்காகக் காத்திருந்து பழகிய காதுதான் பிறகு டிரம்ஸ் பக்கம் போய் நின்றது.

ஒரு வருஷம் மெட்ராஸ் டிரம்மர் ஒருவர் சீக்கிரமே வந்துவிட்டார். ஒல்லியான ஆள், பெல்பாட்டம், சுருட்டை முடி. டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு பம்பைக்காரர் எதிரிலேயே நின்றார். ஒரு கை டீயில், இன்னொரு கை தொடையில் தட்டிக்கொண்டே இருந்தது. பம்பைக்காரரும் கவனித்துவிட்டார், வேண்டுமென்றே ஓர் அடியைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் காட்டினார். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ராத்திரி பதினொன்றரை இருக்கும். 'சகலகலா வல்லவன்' படத்தின் புத்தாண்டுப் பாட்டு. 1982-க்குப் பிறகு அது இல்லாமல் எந்த மேடையும் முடிந்ததில்லை. இடையிசை வந்ததும் அந்த மனிதர் கிட்டார்க்காரரைக் கையமர்த்திவிட்டு, டாம் டாமில் அதே பம்பை அடியைப் போட்டார். முதலில் எங்கள் பக்கம் கத்தினோம். அப்புறம் தெரு கத்தியது. பந்தலின் பின்னால் பீடி பிடித்துக்கொண்டிருந்த பம்பைக்காரர் எழுந்து வந்து துண்டை எடுத்து ஆட்டினார். பாடகர் மைக்கைக் கீழே இறக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பாடகர் காத்திருந்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தாத்தாவுக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. "நயினாப் பிள்ளையைக் கேட்டவனுக்கு இது என்னடா?" என்பார். காஞ்சிபுரம் நயினாப் பிள்ளை, 1889-இல் பிறந்து 1934-இல் மறைந்த பாடகர். பாடகி தனகோடி அம்மாளின் குடும்பம். லயத்தில் சூரர். அவர் கச்சேரிக்கு 'ஃபுல் பெஞ்ச்' என்று பெயர்: வயலின், மிருதங்கம் போதாதென்று கஞ்சிரா, கடம், மோர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று மேடை நிறையத் தாளக்காரர்கள். பல்லவியில் அத்தனை பேரையும் எதிர்த்து நின்று பாடுவார். இந்த ஊரில் 1919-இல் பிறந்த டி.கே. பட்டம்மாள் சிறுமியாக அந்தக் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்தவர்தான். சிக்கலான தாளங்களில் பல்லவி பாடுகிற துணிச்சலை இந்த ஊர் அவருக்குக் கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை. தாத்தா தன் விடலைப் பருவத்தில் அந்தக் கூட்டங்களில் எங்கோ கடைசி வரிசையில் நின்றிருக்கிறார். பாடியது என்ன ராகம் என்று கேட்டால் தெரியாது. கஞ்சிரா வாசித்தது புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை என்று மட்டும் மறக்காமல் சொல்வார். அவரும் அந்தக் காலத்து டிரம்ஸ் பக்கத்து ஆள் என்பது எனக்குப் புரிய வெகுநாள் ஆனது.

பாட்டை வீட்டில் கேட்க வேண்டுமென்றால் ரெக்கார்டிங் சென்டர். டி.டி.கே. காலி கேசட் ஒன்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள். பட்டியல் எழுதும் முறையில்தான் எங்கள் கட்சி தெரியும். மற்றவர்கள் பாடகர் பெயரைப் பார்த்து எழுதுவார்கள். நாங்கள் கிட்டார் வரும் பாட்டு, டிரம்ஸ் உருட்டு வரும் பாட்டு என்று எழுதுவோம். 'மூடுபனி'யில் ஒன்று, 'பயணங்கள் முடிவதில்லை'யில் ஒன்று. "இதில் கிட்டார் யாருண்ணா?" என்று கடைக்காரரைக் கேட்டால், "ராஜாதான்டா, வேற யாரு" என்பார். அட்டையைத் திருப்பிப் பார்த்தாலும் இசையமைப்பாளர், பாடலாசிரியர், பாடகர்கள், அதோடு சரி. திரையிலும் அப்படித்தான். இத்தனை பேர் வாசித்த சத்தத்துக்கு ஒரே ஒரு பெயர்.

இந்த நிலையில்தான் பெரம்பூரிலிருந்து அத்தை மகன் ஒரு கேசட்டோடு வந்தான். ஆங்கிலோ இந்திய நண்பர்களின் சகவாசம் அவனுக்கு. டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த கச்சேரிகளின் பதிவு. டேப் ரெக்கார்டரைத் திண்ணையில் வைத்துப் போட்டான். முதல் பாட்டு முடிவதற்குள் எதிர்வீட்டில் ஜன்னல் சாத்தினார்கள். எனக்கு ஆர்கன் சத்தம் பழகியதுதான்; ஆனால் ஆர்கன் கிட்டாரோடு சண்டை போடும் என்று தெரியாது. பிறகு 'தி மியூல்' வந்தது. கொஞ்ச நேரத்தில் எல்லாரும் ஒதுங்கிக்கொள்ள, டிரம்மர் மட்டும் நிமிஷக் கணக்கில் தனியாக வாசிக்கிறார். ஒரு பாட்டுக்கு நடுவே இவ்வளவு நேரம் ஒரு டிரம்மரைத் தனியாக விட்டுவைப்பார்களா! தாத்தா உள்ளேயிருந்து வந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தார். விரல்கள் தொடையில் எண்ணிக்கொண்டிருந்தன. முடிந்ததும் சொன்னார்: "தனி நல்லாத்தான் இருக்கு. தீர்மானத்தைக் காணோமே!" தனி ஆவர்த்தனத்தை முடித்துவைக்கும் தாளக் கோர்வையைச் சொன்னார்.

அந்தக் கேசட்டின் அட்டைதான் என்னை அடித்துப் போட்டது. பாட்டு: இயன் கில்லன். கிட்டார்: ரிச்சி பிளாக்மோர். பேஸ்: ரோஜர் குளோவர். ஆர்கன்: ஜான் லார்ட். டிரம்ஸ்: இயன் பெய்ஸ். ஆளுக்கொரு பெயர், அவரவர் கருவியோடு. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டேன். ஜப்பானில் வாசித்த ஓர் இங்கிலாந்துக்காரரின் பெயர் பிள்ளையார்பாளையத்துப் பையனுக்குத் தெரியும். எங்கள் தெருவில் பம்பை அடியைத் திருப்பி வாசித்த மனிதரின் பெயர் தெரியாது. 'சுருட்டை' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். மறுவருஷம் வேறொருவர் வந்தார். சுருட்டையை யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது?

இளையராஜாவின் டிரம்ஸ் புருஷோத்தமன் என்றும், 'பயணங்கள் முடிவதில்லை' பாட்டில் கிட்டார் வாசித்தது புருஷோத்தமனின் சகோதரர் சந்திரசேகர் என்றும், அந்த பேஸ் சசிதரன் என்றும், பல பாட்டுகளின் கிட்டார் சதானந்தம் என்றும் தெரிந்துகொள்வதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. அவர்களாகப் பேட்டிகளில் சொன்னார்கள், ரசிகர்கள் தேடிச் சேர்த்தார்கள். புருஷோத்தமன் 2020-இல் காலமானார். இளையராஜாவே பிறர் குழுவில் கிட்டார் வாசித்தவர், எஸ்.பி.பி.யின் மெல்லிசைக் குழுவில் அவரும் அவர் சகோதரர்கள் பாஸ்கரும் கங்கை அமரனும் இருந்தார்கள். அந்த மேடைகளில் பக்கவாட்டில் நின்று பார்த்த பையன்களுக்கு அவர்கள் பெயர் தெரிந்திருக்குமா?

வெளியே போய் வாசித்தவர்களுக்குப் பெயர் கிடைத்தது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991-இல் 'பிளானட் டிரம்' என்ற ஆல்பம் போட்டார். அதில் நம் கடம் விக்கு விநாயக்ராம் வாசித்தார், கிராமி விருதும் வந்தது. ஃபுல் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்த பானைக்கு ராக் டிரம்மர் பக்கத்தில் இடம். அந்தச் செய்தி வந்தபோது தாத்தா இல்லை. இருந்திருந்தால் தீர்மானத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

பிள்ளையார்பாளையத்தில் இன்றைக்கும் ஆடிக் கச்சேரி நடக்கிறது. பாதி வாத்தியங்களை ரிதம் பேடும் கீபோர்டும் தின்றுவிட்டன. லேப்டாப்பில் டிராக் போட்டுப் பாடுகிற குழுக்களும் உண்டு. இருந்தாலும் சில குழுக்கள் டிரம்ஸ் ஏற்றிக்கொண்டு வருகின்றன. சுவரொட்டியில் பாடகர் படம் மட்டும்தான், அப்போது போலவே. விழாக் கமிட்டிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நன்கொடை கொடுத்தவர்கள் பெயரை மைக்கில் அரை மணி நேரம் வாசிக்கிறீர்கள், வாசியுங்கள். அதோடு வாசிக்கிறவர்கள் பெயரையும் ஊர் பெயரையும் ஒரு தரம் சொல்லுங்கள், டிரம்மரிலிருந்து தொடங்கி. அவர்கள் சொல்லாவிட்டால் கேட்கிறவர்கள் நீங்கள் சீட்டு எழுதி அனுப்புங்கள். பாட்டு கேட்டு அனுப்பும் சீட்டில் இன்னொரு வரி எழுத இடம் இருக்கும்.