புடலைக்குக் கல் கட்டுகிறவர்கள்

கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில், தொண்டாமுத்தூர்ப் பிரதேசத்தில் பந்தல் காய்கறி பயிரிடும் நண்பர் ஒருவர், நெட்டைப் புடலைக்குக் கல் கட்டத் தெரிந்த கைகள் தம் பக்கத்தில் அருகி வருகின்றன என்றும், பார்க்க விருப்பமானால் இந்த ஆடிப்பட்டத்துக் காய்ப்பிலேயே வந்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தார். சந்தையில் நேராக நீண்டு கிடக்கும் புடலங்காயை அதன் பிறவிக் குணமே அது என்று நம்பி வாங்கி வருகிற எனக்கு, அந்தக் கடிதம் பெரும் ஆவலை உண்டாக்கிற்று.

தோட்டத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது கல்லுக்கால் பந்தல்தான். ஏறக்குறைய 6 அடி உயரத்தில் கருங்கல் கால்களை நட்டு, அவற்றின் தலைக்குமேல் நெடுக்கும் குறுக்குமாகக் கம்பி இழுத்திருக்கிறார்கள். வரிசைக்கு வரிசை இரண்டரை மீட்டர், குழிக்குக் குழி 2 மீட்டர் இடைவெளி விட்டு விதை ஊன்றி, முளைத்தவற்றில் திடமான இரண்டை மட்டும் நிறுத்தி, சணல் கயிறு பிடித்து மேலேற்றுகிறார்கள். கொடி பந்தலைத் தொடும்வரை பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட்டு, தொட்டவுடன் நுனியையும் கிள்ளிவிட்டால், அதன்பின் அது நாலாபக்கமும் கிளைத்துப் படர்கிறது. உரத்தைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் நண்பர் விரிவாகவே சொன்னார். என் மனமோ பந்தலின் அடியில் குனிந்து நடந்துகொண்டிருந்த ஓர் அம்மையாரிடம் போய்விட்டது.

அறுபதைக் கடந்தவர். இடுப்பில் மடித்துக் கட்டிய சேலை மடி நிறையக் கூழாங்கற்கள். தோளில் ஈரமான வாழைநார். மாலையில் மலர்ந்து இரவெல்லாம் விரிந்திருக்கும் அந்த வெண்பூக்களில், ஆண்பூக்கள் நீண்ட காம்பில் கொத்தாக நிற்க, பெண்பூ மட்டும் இலைக்கக்கத்தில் தனியாகப் பூக்கிறது. பூவுக்கு அடியிலேயே விரல் பருமனுக்கும் குறைவாக ஒரு பிஞ்சு அப்போதே உருவாகியிருக்கிறது. பூ வாடி, பிஞ்சு ஒரு முழத்தை எட்டும் முன் அதன் நுனியில் கல் ஏறிவிட வேண்டும் என்றார் அவர். வலது கையால் நாரை இரண்டு சுற்றுச் சுற்றி, இடது உள்ளங்கையில் கல்லைத் தாங்கியபடியே முடிந்து, பாரம் ஒரேயடியாகக் காம்பில் விழாதபடி மெல்ல மெல்லக் கையை விலக்கினார். பச்சையும் வெள்ளையுமாக வரியோடிய அந்தப் பிஞ்சு லேசாக ஆடிவிட்டு நேராக நின்றது.

"சுருக்கு முடிச்சுப் போட்டரக் கூடாதுங்க சாமி. காயி பெருக்கப் பெருக்க அது இறுகி நுனியவே அறுத்துப்போடும். கல்லு பெருசாப் போனா காம்பு முறியும், சிறுசாப் போனா ஆட்டுக்கொம்பாட்டம் சுருண்டுக்கும். கை சொல்லோணும், இது இந்தப் பிஞ்சுக்கு ஆகும்னு."

பத்து வயதில் தாயாருடன் இதே பந்தல்களுக்கடியில் கல் பொறுக்கிக் கொடுக்கத் தொடங்கியவர் இவர். மணமாகிச் சில ஆண்டுகளிலேயே கணவரை இழந்து, இந்தக் கூலியைக் கொண்டே இரு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியிருக்கிறார். ஓடையில் பொறுக்கிய கற்களைப் பருமனுக்கேற்பப் பிரித்துச் சாக்குகளில் போட்டு வைத்திருக்கிறார். அறுவடையில் அவிழ்த்த கல் அடுத்த பிஞ்சுக்குப் போகிறது. பழ ஈ முட்டையிட்ட காயைத் தொட்ட மாத்திரத்தில் கண்டுபிடித்து, கல் கட்டாமலே கிள்ளிப் புதைகுழிக்கு எறிகிறார். மருமகள் நகரத்துப் பஞ்சாலைக்குப் போகிறாள். "அவளைக் குத்தஞ் சொல்ல மாட்டேனுங்க, அங்க மாசமானாச் சம்பளம் வருதுங்களே."

கோயம்புத்தூரில் வெளியிடப்பட்ட கோ 1 என்ற ரகம் ஒன்றரை மீட்டரையும் தாண்டி நீளுவது. கோ 2 ஓரடி அளவில் நின்றுவிடுகிற குட்டை ரகம். குட்டைக்குக் கல் தேவையில்லை, பெட்டியில் அடுக்கினால் ஒடிவதில்லை, லாரிக்கும் வசதி. ஆகவே வியாபாரிகள் குட்டையையே கேட்கிறார்கள். நெட்டை வந்தால் முறிந்தது, கோணியது என்று கழிவு போடுகிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. நண்பர் காட்டிய மண்டிச் சிட்டையில் எடை இருந்தது, கழிவு இருந்தது, ஏற்றுகூலியும் இறக்குகூலியும் இருந்தன, நூற்றுக்குப் பத்து என்று தரகும் இருந்தது. பிஞ்சு பிஞ்சாகத் தொட்டு நிமிர்த்திய கையின் கூலிக்கு மட்டும் அதில் ஒரு வரியும் இல்லை. மண்ணில் கால் வைக்காமல், வந்த காயை ஒரு தராசிலிருந்து இன்னொரு தராசுக்கு மாற்றுகிறவனின் பங்கு விலை ஏறினாலும் விழுந்தாலும் நிச்சயமாக இருக்கிறது. நஷ்டம் முழுவதும் தோட்டக்காரரின் தலையில் விடிகிறது. அவர் அதை ஈடுகட்ட முதலில் குறைக்கக் கூடியது கல் கட்டும் கூலியைத்தான். நேரான காய் வேண்டும் என்று கேட்கிற சந்தை, நேராக்குகிறவளுக்கு ஒரு காசும் கூட்டித் தராமல் அந்த வேலையையே ஒழித்துக் கட்டுவது அப்பட்டமான அநியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம். உழவர் சந்தைக்கு நேரே கொண்டுபோகும் நாட்களில் நெட்டைப் புடலையைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு என்று நண்பரே சொன்னார். ஆனால் ஒரு பந்தல் முழுவதையும் அங்கே விற்றுத் தீர்க்க முடியாது.

வரும் தைப்பட்டத்தில் இரண்டு வரிசையில் மட்டும் நெட்டை ஊன்றப்போவதாகவும், மற்றதெல்லாம் குட்டை ரகம்தான் என்றும் அவர் முடிவு செய்திருக்கிறார். அந்த இரண்டு வரிசைக்கான விதைக்காக, அம்மையார் ஏழு காய்களைப் பறிக்காமல் பழுக்க விட்டிருக்கிறார்.