குத்தூசி பிடித்த கை

நிலக்கடலையில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சைப் பார்க்கும் வேலைக்கு வந்து 27 வருடம் ஆகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதலில் கேட்பது கருவியைப் பற்றித்தான். நான் அவர்கள் கையில் கொடுப்பது குத்தூசி. சாக்கைப் பிரிக்காமலே உள்ளிருந்து பருப்பை இழுக்கும் கூர்முனைக் குழாய்.

இந்த நஞ்சு மூட்டை முழுக்கச் சீராகப் பரவிக் கிடப்பதில்லை. ஆயிரம் பருப்பு சுத்தமாக இருக்கும். பூஞ்சை ஏறிய ஒன்றிரண்டு போதும், எல்லாம் கெட்டது. பதப்படுத்தப் போகும் கடலைக்கு, சர்வதேச உணவுத் தர விதியான கோடெக்ஸ் வைத்த வரம்பு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். அதைச் சரிபார்க்க 20 கிலோ மாதிரி கேட்கிறார்கள் என்றால் காரணம் இதுதான்.

சேர்ந்த புதிதில் ஒரு கிடங்குக்குப் போய், கைக்கு எட்டிய மேல் வரிசை மூட்டைகளை மட்டும் குத்தி எடுத்து வந்தேன். ஆய்வில் சுத்தம் என்று வந்தது. தாளில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். எங்கள் மூத்த ஆய்வக உதவியாளர் மாதிரிப் பையைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"சுவரோரம் குத்தினியா தம்பி?"

"இல்லைங்க ஐயா."

திட்டவில்லை. மறுநாள் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். பின்சுவரை ஒட்டி, அடியில் கட்டை கொடுக்காமல் தரையிலேயே கிடந்த மூட்டைகள். குனிந்து கீழ் மூலையில் குத்தூசியைத் திருகி ஏற்றினார். வந்த பருப்பை என் உள்ளங்கையில் கொட்டினார். சில்லென்று இருந்தது. தோல் கறுத்து, சுருங்கி, அழுத்தினால் நொறுங்காமல் நசுங்கியது. சாறு இறக்கித் தட்டில் புள்ளி வைத்து, இருட்டறையில் புறஊதா விளக்கடியில் பார்த்தோம். நீலமாக ஒளிர்ந்தது. அந்தக் கடலை குழந்தைகளின் சத்துமாவுக்குப் போக இருந்தது.

வறுத்தால் இந்த நஞ்சு குறையும், முழுக்கப் போகாது. பெனின், டோகோ நாடுகளில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், இரத்தத்தில் இதன் தடம் கூடியிருந்த குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் பின்தங்கியிருந்தார்கள். அதைப் படித்த அன்று எனக்கு அந்தச் சுவரோர மூட்டைதான் கண்முன் நின்றது.

மாதிரியைக் கூறு போடுவதையும் ஐயாதான் கற்றுக் கொடுத்தார். குவியலாகக் கொட்டி, தட்டையாக்கி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கூறுகளைச் சேர்த்து மறுபடி குவிக்க வேண்டும். கடைசித் தூளையும் தூரிகையால் கூட்டிச் சேர்ப்பார். நஞ்சு அந்தத் தூளில்தான் இருக்கும் என்பார். நான் அவசரத்தில் கொரகொரப்பாக அரைத்த காலத்தில், ஒரே மாதிரிக்கு மூன்று முறை மூன்று அளவு வந்தது. தண்ணீர் விட்டுக் கூழாக அரைக்கத் தொடங்கிய பிறகே அளவு மாறாமல் நின்றது.

ஈரம் பார்க்க அடுப்பும் தராசும் இருக்கின்றன. ஆனாலும் களத்தில் நான் காயைக் காதோரம் ஆட்டிப் பார்ப்பேன். காய்ந்த காயில் பருப்பு கலகலவென்று உருளும். தோட்டோடு 9 சதவீத ஈரத்துக்குக் காய்ந்துவிட்டால் பூஞ்சைக்கு இடமில்லை. கடலை பறித்துப் போட்ட பிறகு நாலைந்து நாள் விடாமல் மழை பிடித்தால், அந்த வருடம் எங்கள் தட்டுகளில் நீலம் கூடும்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சொல்வது: முதல் மாதம் ஆய்வகத்தில் உட்காராதீர்கள். கிடங்குக்குப் போய், அடிவரிசை மூட்டையைக் குனிந்து குத்திப் பழகுங்கள்.