நீர்வேலிச் செம்பாட்டில்

2022 இல் மரக்கறி விலை ஏறிய நாட்களில், வீட்டுத்தோட்டம் பற்றிப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பணியோடு நீர்வேலிக்குக் குடிவந்தேன். சுற்றிவர வாழைத் தோட்டங்கள். எங்கள் வாடகை வீட்டுக் கிணற்றடியிலும் சிவந்த செம்பாட்டு மண்.

ஊருக்குச் சொல்பவள் தானும் செய்ய வேண்டாமா? முதற்கூட்டம் முடிந்த அன்றே பத்துக் கத்தரிக் கன்று நட்டேன். கோழிக்கூட்டில் அள்ளிய எருவை அப்படியே அடியில் குவித்தேன். இயற்கை உரந்தானே, கூடினால் என்ன என்ற நினைப்பு! நாலாம் நாள் இலைகள் ஓரம் கருகின. தண்ணீர் போதவில்லையென்று இன்னும் ஊற்றினேன். (சமூகவியல் படித்தவளின் விவசாயம்.) ஒரு கிழமையில் மிஞ்சியவை இரண்டு.

வேலியால் எட்டிப் பார்த்த அயல்வீட்டு ஆச்சி கேட்டார்: "பிள்ளை, பச்சை எருவே போட்டனீ? அது வேரைச் சுட்டுப்போடுமெல்லோ. உக்க விட்டுத்தான் போடோணும்."

புதுக் கோழியெருவிலிருந்து கிளம்பும் அமோனியாதான் அந்தச் சூடு. ஆச்சி வேலிப் பூவரசில் குழை வெட்டித் தந்து, மண்ணில் தாழ்க்கும் விதமும் காட்டினார். பனையோலையையும் இப்படித் தாழ்ப்பார்களாம்.

எனக்கோ வேறு கவலை. கூட்டத்தில் "கோழியெரு இடுங்கள்" என்றுமட்டும் சொல்லியிருந்தேன். கடனுக்குக் கன்று வாங்கிய இருவர் அதைக் கேட்டுப் போட்டுவிட்டார்கள். ஆச்சியையும் மண்வெட்டியையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வளவுக்கு ஓடினேன். எருவை விலக்கினோம். ஒருத்தியின் கன்றுகள் தப்பின. மற்றவளுக்கு என் காசில் வேறு கன்று வாங்கிக் கொடுத்தேன்.