பூனைக்குக் காவல், பிரைட்டனில் வாசம்!

இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் என்றொரு கடற்கரைப் பட்டணம். கரையில் மணலுக்குப் பதில் கூழாங்கல். ஊர் நடுவே நம் நாட்டுப் பாணிக் குவிமாடங்களுடன் ஓர் அரண்மனை. பார்க்க ஆசைதான், ஓட்டல் வாடகையை நினைத்தால் தலை சுற்றுகிறதல்லவா?

கவலை வேண்டாம்! வெளியூர் போகும் வீட்டுக்காரரின் பூனைக்குச் சாப்பாடு போட்டு, நாயை உலாவ அழைத்துச் சென்றால், அவர் வீட்டிலேயே வாடகையின்றித் தங்கலாம். இரு தரப்பாரையும் சேர்த்து வைக்கும் 'டிரஸ்டட் ஹவுஸ்சிட்டர்ஸ்' ஸ்தாபனம் 2010-ல் தோன்றி, இவ்வூரில்தான் வளர்ந்தது. அதற்குச் சந்தா உண்டு.

ஆனால் விசா விஷயத்தில் ஜாக்கிரதை! 2022-ல் பூனை பார்த்துக்கொள்ளக் கனடாவுக்குப் புறப்பட்ட ஓர் ஆஸ்திரேலியப் பெண்மணியை, வழியில் லாஸ் ஏஞ்சலிஸிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் அது வேலைதானாம்!

ஆகவே, டிக்கெட் வாங்குமுன் அந்தந்த நாட்டு விதியைப் படியுங்கள். பூனை மன்னித்தாலும் அதிகாரி மன்னிக்கமாட்டார்!