முகமூடிக்குள் ஒரு மனிதன்

சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரமும் வெற்றிலையும் விற்ற கடைகளில், தமிழ்நாட்டு வார, மாத இதழ்களும் வரிசையாகத் தொங்கிய காலம் ஒன்று உண்டு. பெரியவர்கள் தொடர்கதைக்காக வந்தனர். சிறுவர்களின் கண்களோ சிவகாசியில் அச்சான சிறிய படக்கதை நூல்களையே நாடின. 1972-இல் அங்குத் தொடங்கப்பெற்ற முத்து காமிக்ஸ், முதல் நூலிலேயே இரும்புக்கை மாயாவியை அறிமுகம் செய்தது. அவனைத் தொடர்ந்து வந்தவர்களுள் ஒருவன் வேதாளன். உடலை ஒட்டிய உடையும் கண்ணை மறைக்கும் முகமூடியும் இடையில் இரு துப்பாக்கியுமாகக் காட்டில் வாழ்பவன்.

1988-ஆம் ஆண்டின் ஒரு பிற்பகல். உயர்நிலை இரண்டாம் வகுப்பில் தமிழ்ப்பாடம் நடந்துகொண்டிருந்தது. பதினான்கு வயது மாணவன் ஒருவன் பாடநூலுக்குள் வேறொரு நூலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். ஆசிரியர் அதனைப் பறித்துக்கொண்டார். அட்டை கிழிந்து, பல கைகள் பட்டு மெலிந்த பழைய வேதாளன் கதை அது.

பாடவேளையில் பிற நூல் படிப்பது குற்றமே. ஆயினும் ஆசிரியரின் சினம் நெடுநேரம் நிற்கவில்லை. உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982-இல் மூடப்பட்டிருந்தது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல்மொழி என்றாகியிருந்தது. தேர்வுக்காகத் தமிழ் படிப்போரே மிகுந்த அந்நாளில், தண்டனைக்கும் அஞ்சாமல் ஒருவன் தமிழெழுத்தில் மூழ்கியிருந்தான். அவனைக் கடிவதா, பாராட்டுவதா? கடிவதற்குச் சான்று தேடியேனும் படிப்போம் என்று ஆசிரியர் அன்றிரவு அந்நூலைத் திறந்தார். முடிக்காமல் மூடவில்லை.

வேதாளனைப் படைத்தவர் லீ ஃபாக் என்னும் அமெரிக்கர். 1934-இல் மந்திரவாதி மாண்டிரேக்கை உருவாக்கியவரும் அவரே. 1936 பிப்ரவரி 17 அன்று நாளிதழ்ப் படத்தொடராக வேதாளன் கதை தொடங்கியது. 1999-இல் மறையும்வரை அவர் அதனை எழுதினார். கதையின் வேர் இது: நானூறு ஆண்டுகளுக்கு முன் கடற்கொள்ளையர் ஒரு கப்பலைத் தாக்கி அனைவரையும் கொன்றனர். தப்பிக் கரை ஒதுங்கிய ஒருவன், தன் தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மீது கைவைத்துச் சூளுரைத்தான். கொள்ளை, பேராசை, கொடுமை, அநீதி ஆகியவற்றை ஒழிப்பதே தன் வாழ்வு என்றும், தன் வழித்தோன்றல்களும் அவ்வாறே வாழ்வர் என்றும் உரைத்தான். அவனுக்குப்பின் மகன், மகனுக்குப்பின் அவன் மகன். இன்று கதையில் உலவுபவன் இருபத்தோராமவன். தந்தை இறந்ததும் மகன் அதே உடையை அணிந்துகொள்வதால், சாவே இல்லாத ஒருவன்தான் உலவுகின்றான் என்று காடு நம்புகின்றது. உண்மையை அறிந்தவர்கள் அவனைச் சூழ்ந்து வாழும் பாந்தர் என்னும் குள்ள மக்களும் மிகச் சிலரும் மட்டுமே.

தமிழ்ச் சிறுவனுக்கு இவன் அந்நியனாகத் தோன்றாததில் வியப்பில்லை. வெண்குதிரை ஏறி இரவில் ஊர் சுற்றும் ஐயனாரை அவன் பாட்டி சொல்லக் கேட்டிருப்பான். முனீசுவரனையும் மதுரைவீரனையும் சிங்கப்பூரிலேயே கண்டிருப்பான். வேதாளனுக்கும் வெண்குதிரை உண்டு. நாய்க்குப் பதிலாக ஓநாய் உண்டு. பெயரும் நமக்குப் பழையதே. முருங்கை மரத்தில் தொங்கி விக்கிரமாதித்தனைக் கேள்வி கேட்ட அந்த வேதாளம், சிறுவர் நாவில் ‘அர்’ விகுதி பெற்று ‘வேதாளர்’ ஆகிவிட்டது. இலக்கணம் கற்பிப்போர் இம்மரியாதைப் பன்மையைச் சற்றே நகைத்து ஏற்கலாம்.

ஏற்க இயலாதனவும் அக்கதைகளில் உள்ளன. கரிய மக்கள் வாழும் காட்டிற்கு நீதி வழங்க ஒரு வெள்ளையனே வேண்டியிருக்கின்றது. கொள்ளையர் கூட்டத்தின் பெயரோ ‘சிங்’ சகோதரர்கள். 1881 முதல் சீக்கியர் காவல் பணி புரிந்த ஊர் சிங்கப்பூர். காவலர்களின் பெயரைக் கள்வர்க்குச் சூட்டிய கதையை, சிங் என்னும் பெயருடைய நண்பனின் அருகே அமர்ந்து ஒரு மாணவன் படிக்கின்றான்! அது எழுதியவரின் காலத்துக் குறை. அதனைச் சுட்டிக்காட்டாமல் விடுவது ஆசிரியரின் குறையாகும்.

ஆயினும் அன்றிரவு ஆசிரியரின் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. வேதாளனுக்கு மந்திரம் இல்லை, பறக்க இயலாது, குண்டு பட்டால் சதை கிழியும். குறி தவறாத கண்ணும் பயின்ற உடலும் உண்டு. எனினும் அவனது பெரும்படை பிறர் அச்சமே. அவன் வலக்கை மோதிரம் பகைவர் தாடையில் மண்டையோட்டு முத்திரையைப் பதிக்கும், அது அழியாது. இடக்கை மோதிரத்தின் முத்திரை பெற்றவர்க்கு எவரும் தீங்கு செய்யத் துணியார். அவன் முகத்தைக் கண்டவர் கொடுஞ்சாவு எய்துவர் என்பது கானகப் பழமொழி. நகருக்குச் செல்லும்போது மேலங்கியும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து, வாக்கர் என்ற பெயரில் சாதாரண மனிதனாகச் செல்கின்றான்.

அச்சத்தால் ஆள்பவன் அச்சமின்றி இருத்தல் அரிது. தன் குருதியை ஊர் காணக்கூடாது. தன் சாவை ஊர் அறியக்கூடாது. மகன் பிறவாவிடின், பிறந்தவன் தகுதியற்றவனாயின், நானூறு ஆண்டு நம்பிக்கை ஒரே நாளில் சரியும். டயானாவை நெடுங்காலம் காக்கவைத்து, 1977-இல்தான் லீ ஃபாக் அவனுக்கு மணமுடித்தார். இரட்டைக் குழந்தைகள் பிறந்தது 1979-இல். வாசகர்கள் அதைத் திருவிழாப்போல் வரவேற்றிருக்கலாம். தொட்டிலின் அருகே நின்ற தந்தையின் நெஞ்சில் மகிழ்ச்சி மட்டுமா இருந்திருக்கும்?

அவனைக் கொடியவனாகாமல் தடுப்பது எது? கூடுமானவரை அவன் உயிரைப் பறிப்பதில்லை. பகைவன் கைத் துப்பாக்கியையே சுட்டு வீழ்த்துகின்றான். பிடிபட்டவரைச் சட்டத்திடம் ஒப்படைக்கின்றான். குகையில் வரிசையாகப் பழைய ஏடுகள் உள்ளன. ஒவ்வொரு வேதாளனும் தான் செய்தவற்றை அவற்றில் எழுதிவைக்க வேண்டும். அடுத்தவன் அவற்றைப் படிப்பான். யாரும் தட்டிக்கேட்க இயலாதவன், தன் மகனின் கண்ணுக்கேனும் கணக்குக் காட்டக் கடமைப்பட்டிருக்கின்றான்.

மறுநாள் ஆசிரியர் மாணவனை அழைத்து நூலைத் திருப்பிக் கொடுத்தார். தலைகுனிந்து பெற்றுக்கொண்ட மாணவன் எதிர்பாராமல் ஒரு வினா எழுப்பினான். “ஐயா, வேதாளர் யாரிடமும் அனுமதி கேட்டுக்கொண்டா அடிக்கிறார்? நல்லவர்களைக் காக்கத்தானே அடிக்கிறார்? எங்கள் புளோக்கில் அண்ணன்மார் செய்தால் மட்டும் ஏன் தவறு என்கிறார்கள்?”

ஆசிரியர் திடுக்கிட்டார். இரகசியக் கும்பல்கள் இந்நாட்டிற்குப் புதியன அல்ல. 1890-இலேயே அவை சட்டத்தால் தடை செய்யப்பட்டன. 1955-இன் சட்டம், கும்பலைச் சேர்ந்தவரை விசாரணையின்றித் தடுத்துவைக்கவும் வழிசெய்தது. அக்கும்பல்களும் ‘பாதுகாப்பு’ என்ற சொல்லையே வழங்கின. பாதுகாப்புக்கென்றே கடைக்காரரிடம் பணம் பறித்தன. முத்திரையும் சூளுரையும் அவர்களிடமும் உண்டு. இந்தோனேசியாவின் எதிர்ப்பு நிலவிய 1964-இல் அரசு குடிமக்களைத் திரட்டித் தொண்டர் காவல் அணி அமைத்ததும் இதே ஊரில்தான். அவர்கள் பெயர் கொடுத்து, முகம் காட்டி நின்றார்கள். இவற்றையெல்லாம் எடுத்துரைக்க ஆசிரியரின் நா துடித்தது. ஆனால் மாணவனின் முகத்தில் கேட்க விரும்பும் குறி இல்லை. எனவே வேறு வழியை மேற்கொண்டார்.

“வேதாளர் எதற்கு அஞ்சுகிறார்? இதற்கு விடையை ஒரு பக்கம் எழுதி வா. பிழை திருத்த மாட்டேன்,” என்றார்.

மூன்று நாள் கழித்துத் தாள் வந்தது. முக்கால் பக்கமே இருந்தது. றகர ரகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. அவன் எழுதியதன் சுருக்கம் இது: வேதாளருக்கும் அடிபட்டால் இரத்தம் வரும், அதை யாரும் பார்த்துவிடுவார்களோ என்று அவர் பயப்படுகிறார். இரத்தம் தெரிந்தால் அவரும் மனிதர்தான் என்று எல்லாரும் கண்டுகொள்வார்கள். இதன்கீழ், சற்று இடைவெளி விட்டு, வேறு மையில் மேலும் இரண்டு வரிகள் இருந்தன. போன சனிக்கிழமை இரவு தன் அண்ணன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்தான் என்றும், அம்மாவிடம் சொல்லாதே என்று அழுதான் என்றும் அவன் எழுதியிருந்தான்.

ஆசிரியர் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார். பதிவேட்டில் மாணவனின் முகவரியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, அன்று மாலை பேருந்து நிறுத்தத்தில் வழக்கமான பேருந்தைப் போகவிட்டு, அடுத்ததற்காகக் காத்து நின்றார்.