யுன்னான் மலையின் சின்ன வெள்ளைக் காளான்

சீனாவின் தென்மேற்கு மூலையில் மியான்மர், லாவோஸ், வியட்நாம் எல்லைகளைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது யுன்னான் மாகாணம். மலைச்சரிவில் படிக்கட்டு வயல்கள், மக்காச்சோளம், உருளைக்கிழங்கு. அதற்கு மேலே காடு. ஜூன் மாதம் மழை பிடித்துவிட்டால் ஊர் மொத்தமும் கூடையை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய்விடும். தலைநகர் குன்மிங்கின் காளான் சந்தையில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் வந்து இறங்குகின்றன. ஜப்பானியர்கள் கொட்டிக் கொடுத்து வாங்கும் மட்சுடாகே அவற்றில் ஒன்று. கரையான் புற்றில் முளைக்கும் 'ஜிசோங்' இன்னொன்று. நம்மூரில் மழைக்குப் பின் புற்றில் பூக்கும் புற்றுக்காளானுக்கு இது நெருங்கிய சொந்தம். அங்கேயும் அதற்குத் தனி மவுசு.

சிறு விவசாயிக்கு அந்த மூன்று மாதக் காளான் காசு பெரிய விஷயம். அதனால் விலை போகும் காளான் எல்லாம் சந்தைக்குப் போகும். விலை போகாதது வீட்டு அடுப்புக்கு வரும். நல்ல தக்காளியை மண்டிக்கு அனுப்பிவிட்டு, வெடித்ததைக் குழம்பில் போடுகிற குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த வழக்கத்துக்குள்தான் எமன் ஒளிந்திருந்தான். கடல்மட்டத்துக்கு 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் உள்ள சில கிராமங்களில், ஒவ்வொரு மழைக்காலத்திலும் நல்ல திடகாத்திரமான ஆட்கள் திடீரென்று விழுந்து இறந்தார்கள். லேசான மயக்கம், குமட்டல், படபடப்பு, சிலருக்கு வலிப்பு. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பேர் போனதும் உண்டு. சுமார் 30 ஆண்டுகளில் இப்படி இறந்தவர்கள் 400 பேர் வரை இருக்கலாம் என்று கணக்கிட்டார்கள்.

சீன நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் ஆட்கள் 2005-இல் ஊர் ஊராக இறங்கி விசாரித்தார்கள். இறந்தவர்களின் வீடுகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது ஒரு சின்ன வெள்ளைக் காளான். அகலமான இலையுள்ள மரங்களின் மக்கிய கட்டையில் விசிறி போல முளைப்பது; பார்வைக்குச் சின்னச் சிப்பிக்காளான் மாதிரி. பறித்த கொஞ்ச நேரத்தில் பழுப்பாகிவிடும் என்பதால் சந்தையில் யாரும் சீந்த மாட்டார்கள். ஆகவே அது வீட்டோடு நின்றது.

காளான்தான் என்று சந்தேகம் வந்தாலும், அதற்குள் இருப்பது எது என்று ஆய்வுக்கூடம்தான் சொல்ல வேண்டும். முதலில் பேரியம் என்ற உலோகத்தின் மேல் சந்தேகம் விழுந்தது. அளந்து பார்த்ததில் ஆளைக் கொல்லும் அளவுக்கு அது இல்லை. பிறகு குன்மிங் தாவரவியல் நிறுவனத்தார் காளானின் சாறை எடுத்துப் பகுதி பகுதியாகப் பிரித்தார்கள். மைத்துளி விழுந்த ஒற்றுத்தாளில் தண்ணீர் ஊறும்போது நிறங்கள் தனித்தனியாகப் பிரிந்து ஓடுமே, ஏறக்குறைய அந்தத் தத்துவம்தான்.

பிரித்த பொருளை நிறமாலைக் கருவிகளில் வைத்தார்கள். நிறை நிறமாலைமானி ஒரு மூலக்கூறின் எடையைச் சொல்லும். மற்றொரு கருவி பெரிய காந்தத்துக்கு நடுவில் வைத்து வானொலி அலையைச் செலுத்தும்; எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு உட்கார்ந்திருக்கிறது என்று அதில் தெரியும். மருத்துவமனையில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதே வேலைதான். கிடைத்தவை புரதத்தில் வராத இரண்டு அமினோ அமிலங்கள். அவற்றின் வால் நுனியில் இரண்டு கார்பன்கள் மூன்று கைகோத்து நிற்கின்றன. கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வரும் அசிட்டிலின் வாயுவில் இருக்கிறதே, அதே பிணைப்பு. எலிகளுக்குக் கொடுத்தபோது இறந்தன. இறந்துபோன ஒருவரின் இதய ரத்தத்திலும் அந்த நஞ்சு அகப்பட்டது. காளான் சாறு கொடுத்த எலிகளின் ரத்தச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கியதை இன்னோர் ஆய்வு காட்டியது.

வெள்ளிக் காசு கறுத்தால் விஷம், பூண்டு நிறம் மாறினால் விஷம், பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்றெல்லாம் பல நாட்டிலும் சொல்லிக்கொள்வார்கள். எதுவும் நம்பத்தக்கதல்ல. பூச்சியின் உடம்பு வேறு, மனித உடம்பு வேறு. இந்த அமினோ அமிலம் வெள்ளியோடும் பூண்டோடும் என்ன பேசப் போகிறது?

அந்தக் காளானுக்கு 2012-இல்தான் டிரோகியா வெனெனாட்டா என்று பெயர் வைத்தார்கள். வெனெனாட்டா என்றால் லத்தீனில் நஞ்சுள்ளது. நஞ்சின் அமைப்பு வெளியானதும் அதே ஆண்டுதான். ஆனால் சுகாதாரப் பணியாளர்கள் அதுவரை காத்திருக்கவில்லை. காளானின் படம் போட்ட சுவரொட்டியோடு அதற்கு முன்பே மலையேறி, வீடு வீடாகக் காட்டி, இதைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டார்கள். இறப்புகள் வெகுவாகக் குறைந்தன. குன்மிங் சந்தைக்குக் கூடைகள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.