மாதா வேடம் யாருக்கு?

நீதிபோதனைப் பாடவேளை என்றாலே ஒன்பதாம் வகுப்பு மாணவியருக்குக் கொட்டாவி வந்துவிடும். அவர்களை நான் குறை கூறமாட்டேன். போதிக்கும் எனக்கே சில வேளைகளில் வந்ததுண்டு. எல்லோரும் இறைவனின் பிள்ளைகள், ஏற்றத்தாழ்வு பாராட்டலாகாது என்று நான் சொல்வேன். அவர்கள் அதை அப்படியே தேர்வில் எழுதுவார்கள். மதிப்பெண் போட்டு முடித்துவிடுவோம். ஆகவே சென்ற ஆகஸ்டுத் திங்களில் சிஸ்டரிடம் அனுமதி பெற்று, புத்தகத்தை மூடிவைத்துவிட்டு ஓர் ஆவணப்படத்தைத் திரையிட்டேன்.

படத்தின் பெயர் 'எ கிளாஸ் டிவைடட்'. இரண்டாகப் பிரிந்த வகுப்பு என்று பொருள். 1985ஆம் ஆண்டு அமெரிக்கத் தொலைக்காட்சியில் வெளிவந்தது. 1970இல் எடுக்கப்பட்ட பழைய படம் ஒன்றின் காட்சிகளும் அதில் உண்டு. அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்றொரு சிற்றூர். ஊரார் அனைவரும் வெள்ளையர். அங்கே மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தவர் ஜேன் எலியட். 1968 ஏப்ரல் 4ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். கறுப்பின மக்களோடு பழகியே அறியாத எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அதை எப்படி விளக்குவது? மறுநாள் அவர் கண்ணின் நிறத்தை வைத்து வகுப்பை இரண்டாகப் பிரித்தார். இரண்டாண்டுகள் கழித்து வேறொரு வகுப்பில் அதே பயிற்சியைச் செய்தபோது படம் பிடித்தார்கள்.

முதல் நாள் நீலக் கண்ணுடையோர் உயர்ந்தவர்கள். அவர்களுக்கு விளையாட்டு நேரம் ஐந்து நிமிடம் கூடுதல். பழுப்புக் கண்ணுடையோர் கழுத்தில் துணிப்பட்டை கட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர்க் குழாயில் அவர்கள் வாய் வைக்கக்கூடாது. காகிதக் குவளையில்தான் குடிக்க வேண்டும். அந்தக் காட்சி வந்தபோது பின்வரிசையில் ஒருத்தி, "எங்க ஊரு டீக்கடை மாதிரி" என்று மெல்லச் சொன்னாள். காதில் விழாதது போல நான் படத்தை மேலே ஓட்டிவிட்டேன்.

படம் ஆங்கிலத்தில் இருந்ததால் அடிக்கடி நிறுத்தித் தமிழில் விளக்க வேண்டியிருந்தது. இடைஞ்சல் என்றுதான் நினைத்தேன். ஆனால் நிறுத்திய இடங்களில்தான் பிள்ளைகள் பேசினார்கள். முதல் நாள் முடிந்த இடத்தில் நிறுத்தி, "நாளை பழுப்புக் கண்ணுடையோர் மேலே வரப்போகிறார்கள். என்ன செய்வார்கள்?" என்று கேட்டேன். "கஷ்டம் தெரிஞ்சவங்க, டீச்சர். இரக்கமா இருப்பாங்க" என்றார்கள் பலரும். படத்தை ஓட்டினேன். தங்கள் கழுத்துப்பட்டையை அவிழ்த்து நீலக் கண்ணுடையோர் கழுத்தில் கட்ட அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த உற்சாகத்தைப் பார்த்ததும் என் வகுப்பு ஓய்ந்துபோயிற்று.

மற்றொரு காட்சி என்னை ஆசிரியை என்ற முறையில் உலுக்கியது. எழுத்தொலி அட்டைகளைப் படிப்பதற்குப் பழுப்புக் கண்ணுடையோருக்கு முதல் நாள் ஐந்தரை நிமிடம் ஆயிற்று. மறுநாள் அதே பிள்ளைகள், அதே அட்டைகள். இரண்டரை நிமிடத்தில் முடித்தார்கள். நேற்று ஏன் முடியவில்லை என்று கேட்டால் கழுத்துப்பட்டையைச் சொல்கிறார்கள். 'இவளுக்கு மண்டையில் ஏறாது' என்று நான் முடிவு கட்டிய பெயர்கள் சில அப்போது என் நினைவுக்கு வந்தன.

அந்தப் பயிற்சியை என் வகுப்பில் நான் செய்யமாட்டேன். அறியாத குழந்தையை அழவைக்க எனக்கு மனம் வராது. அதைக் குறை கூறியவர்கள் அமெரிக்காவிலும் உண்டு. அன்றியும், நாம் புதிதாகக் கழுத்துப்பட்டை தைக்க வேண்டிய அவசியமில்லை. படமோ வேறு வகை. பட்ட வலி ஏற்கெனவே பட்டாயிற்று. 1984இல் அந்தப் பதினாறு பேரில் பதினொருவர், வளர்ந்து ஆளானவர்களாய்த் திரும்பி வந்து, தங்கள் குழந்தை முகங்களைத் திரையில் பார்த்துப் பேசுகிறார்கள். அவர்களோடு நாமும் உட்கார்ந்துகொள்ளலாம்.

படம் முடிந்தது. வாய்த் துடுக்குள்ள ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், கிறிஸ்மஸ் நாடகத்துல மாதா வேடத்துக்கு எப்படி ஆள் எடுக்குறீங்க?"

"குரல் வேண்டும், மனப்பாடம் வேண்டும்..." என்று தொடங்கினேன்.

"மாதாவுக்கு வசனமே இல்லையே, டீச்சர்!"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை நூலகத்தில் பழைய ஆண்டு மலர்களை எடுத்துப் பார்த்தேன். நாடகப் பொறுப்பு என்னிடம் வந்து பதினோரு ஆண்டுகள். நீலச் சேலையில் பதினோரு மாதாக்கள்; பதினொருவரும் சிவந்த நிறம். சம்மனசுகளும் அவ்வாறே. இடையர் கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். மூவரசரில் ஒருவருக்கு மட்டும் நிறம் பார்த்து வேறு விதமாகத் தேடியிருக்கிறேன். மேடை விளக்கில் முகம் தெரிய வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாசரேத்தூர்த் தச்சன் வீட்டுப் பெண் வெயில் படாமல் வளர்ந்திருப்பாளா என்று ஒருநாளும் எண்ணவில்லை.

இதை எழுதும் நான் கறுப்பு. என் பள்ளி நாட்களில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு நான்கு ஆண்டுகள் இடையராக நின்றவள்தான்.

டிசம்பரில் ஒத்திகை தொடங்கியபோது, எப்போதும் இடையர் வரிசையில் நிற்கும் ஒருத்தியை அழைத்து, "நீ மாதா வேடம் போடுகிறாயா?" என்றேன். முகம் மலர்வாள் என்று எதிர்பார்த்தேன். "வேணாம் டீச்சர். இடையருக்குத்தான் பேச வசனம் இருக்கு" என்றாள். சற்றுப் பொறுத்து, "மாதாவுக்கும் நாலு வரி குடுங்க, பாக்கலாம்" என்றாள். லூக்கா நற்செய்தியில் மாதாவே பாடும் பாடல் இருப்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பதினோரு ஆண்டுகள் மாதாவை ஊமையாக உட்காரவைத்திருக்கிறேன்! இரண்டே நாளில் அவள் அதை ஒப்பித்துவிட்டாள். ஒப்பனை செய்ய வந்த அம்மா பழக்கத்தில் பவுடர் டப்பாவைத் திறந்தார்கள். "வேண்டாங்க அக்கா" என்று அவளே நகர்ந்துகொண்டாள்.

பின்வரிசை மாணவியையும் ஒருநாள் தனியே அழைத்து, டீக்கடை என்று அன்று ஏதோ சொன்னாயே என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா சொன்னேன்" என்று போய்விட்டாள். அடுத்த மாதம் எட்டாம் வகுப்புக்கு அதே படத்தைத் திரையிடுகிறேன். காகிதக் குவளை வரும் இடத்தில் நிறுத்தப்போகிறேன்.